பார்த்தா ஞாபகம் வந்துடும்: ஒரு பத்தாம் வகுப்பு மாணவியின் 14 வாரங்கள்

பின்னணி

இறுதித் தேர்வுக்கு 14 வாரம் இருந்தபோது அந்த மாணவியை அவளுடைய அம்மா என்னிடம் அழைத்து வந்தார். அரையாண்டுத் தேர்வில் அறிவியல் 41, கணிதம் 38, சமூக அறிவியல் 44. மொழிப் பாடங்கள் இரண்டிலும் 70-ஐ ஒட்டி வாங்கியிருந்தாள். ஆக, எழுதத் தெரியாத பிள்ளையும் இல்லை, படித்தால் புரியாத பிள்ளையும் இல்லை.

"சோம்பேறின்னு மட்டும் சொல்ல முடியாது மிஸ். ராத்திரி ஒரு மணி வரைக்கும் லைட் எரியுது. படிச்சுக்கிட்டேதான் இருக்கா. மார்க்தான் வர மாட்டேங்குது" என்றார் அம்மா. மகள் தன் பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

இதே பேச்சைப் பல பெற்றோர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாதிப் பேர் பிள்ளையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் சொல்வார்கள். இவள் விஷயத்தில் அது அப்படியே உண்மை என்பது பிறகு தெரிந்தது. வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம் என்று பேசிக்கொண்டோம். அந்த நேரத்தில் மூன்று பாடங்களையும் முதலிலிருந்து நடத்த முடியாது. வீட்டில் அவள் தனியாகப் படிக்கும் நேரம்தான் பெரிது. மாற வேண்டியதும் அதுதான்.

முதல் வாரம்: நான் செய்த தவறு

முதல் நாளே ஒரு டைம்டேபிள் போட்டுக் கொடுத்தேன். காலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை, பாடவாரியாகக் கட்டம் கட்டி, ஞாயிற்றுக்கிழமை ரிவிஷன் என்று எழுதி, பார்க்கவே லட்சணமாக இருந்தது. அம்மாவுக்கு மிகுந்த திருப்தி. அதைச் சுவரில் ஒட்டினார்கள்.

அது நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் பள்ளியில் ஏதோ ஒரு பதிவேடு முடிக்க வேண்டியிருந்ததால் இரண்டு கட்டம் தவறியது. தவறியதை மறுநாள் சேர்த்துப் படிக்கப் போய் மறுநாளும் குலைந்தது. அடுத்த வாரம் வந்தபோது, "டைம்டேபிள் என்னாச்சு?" என்று கேட்டேன். "ஃபாலோ பண்ண முடியல மிஸ்" என்று சொல்லிவிட்டுக் குற்றவாளி மாதிரி நின்றாள்.

தவறு என்னுடையது. எத்தனை மணி நேரம் என்பதை நிர்ணயித்தேனே தவிர, அந்த நேரத்தில் அவள் என்ன செய்கிறாள் என்று ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. நோயாளியைப் பார்க்காமலே மருந்துச் சீட்டு எழுதிய கதைதான்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது

இரண்டாவது வாரம், "நீ வீட்டுல எப்படிப் படிப்பியோ அப்படியே படி. நான் சும்மா உட்கார்ந்திருக்கேன்" என்று சொல்லி 40 நிமிடம் ஓரமாக அமர்ந்தேன். பாடம் மின்னியல்.

மூன்று ஹைலைட்டர்களை வரிசையாக வைத்தாள். வரையறைக்கு இளஞ்சிவப்பு, சூத்திரத்துக்குப் பச்சை, மற்றதற்கெல்லாம் மஞ்சள். உதடு அசைய ஒவ்வொரு வரியாகப் படித்தாள். முக்கியமாகத் தோன்றியதன் மேல் கோடு இழுத்தாள். 6 பக்கம் முடிந்தபோது வண்ணம் படாத வரி பக்கத்துக்கு இரண்டோ மூன்றோதான் மிஞ்சியது. இடையில் குப்புறக் கிடந்த செல்போனை 7 முறை திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் சில நொடிதான், ஆனால் திரும்ப வந்ததும் விட்ட வரிக்கு இரண்டு வரி முன்னாலிருந்து ஆரம்பித்தாள்.

"சரி, போதும்" என்று புத்தகத்தை மூடி, ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தேன். "இப்போ படிச்சதுல ஞாபகம் இருக்கிறதை எழுது. வரிசையா வேண்டாம், எது வருதோ அது."

ஓம் விதியின் சூத்திரத்தை எழுதினாள். மின்தடையின் அலகை எழுதினாள். தொடர் இணைப்பு என்று எழுதி அடிக்கோடு போட்டாள். அதோடு பேனா நின்றது. இரண்டு நிமிடம் கழித்து அவள் சொன்னதை அன்றே குறித்து வைத்தேன்:

"தெரியும் மிஸ். புக்கைப் பார்த்தா ஞாபகம் வந்துடும்."

சிக்கல் முழுவதும் இதற்குள் இருக்கிறது. பார்த்ததும் 'இது தெரிந்ததுதான்' என்று அடையாளம் காண்பது ஒரு வேலை. எதையும் பார்க்காமல் உள்ளிருந்து எடுத்து எழுதுவது வேறு வேலை. அவள் இரவு ஒரு மணி வரை முதல் வேலையைப் பயின்றுவிட்டு, தேர்வில் இரண்டாவது வேலையைச் செய்யப் போய்க்கொண்டிருந்தாள்.

விடைத்தாள்கள் சொன்னது

அப்புறம் அரையாண்டு விடைத்தாள்களை எடுத்து வரச் சொன்னேன். கூட்டல் சரியா என்று பார்த்ததோடு அவற்றை அலமாரியில் போட்டிருந்தாள். அறிவியலில் இழந்த 59 மதிப்பெண்ணையும் ஒவ்வொன்றாக இருவரும் சேர்ந்து பிரித்தோம். படிக்காமலே விட்ட பாடத்தில் போனது 11. படித்தும் தேர்வறையில் நினைவுக்கு வராமல் போனது 27. கேள்வியைச் சரியாகப் படிக்காததால் 9. நேரம் போதாமல் எழுதாமல் விட்டது 12.

'வேறுபடுத்துக' என்று கேட்ட ஓர் 5 மதிப்பெண் வினாவுக்கு, இரண்டு வரையறைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தாள். இரண்டும் பிழையில்லாத வரையறைகள். கிடைத்தது 2. "இது தெரிஞ்ச கேள்வி மிஸ்!" என்று அவளே அதிர்ந்துபோனாள். இன்னும் அதிகம் படிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் படிக்காததால் போனது வெறும் 11.

கணிதத் தாளில் வேறு ஒரு விஷயம் தெரிந்தது. இருபடிச் சமன்பாடுகளைக் காரணிப்படுத்தியும் தீர்க்கத் தெரியும், வர்க்கப் பூர்த்தி முறையிலும் தெரியும், சூத்திரத்திலும் தெரியும். வீட்டுப்பாட நோட்டில் அத்தனையும் சரி. தேர்வில் மட்டும், எளிதாகக் காரணிப்படுத்த முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் முழுக்கப் போராடி அடித்திருந்தாள். காரணம் கேட்டபோது, "புக்ல எந்த முறைன்னு மேலேயே போட்டிருக்கும்ல" என்றாள். மின்சுற்றுக் கணக்கிலும் இதே கதை. பக்க இணைப்பில் உள்ள 6 ஓம், 3 ஓம் தடைகளைக் கூட்டி 9 என்று எழுதியிருந்தாள். விடை 2. பயிற்சி 'பக்க இணைப்பு' என்ற தலைப்பின் கீழ் இருந்தபோது இதே கணக்கைச் சரியாகச் செய்தவள்தான்.

எடுத்த முடிவுகள்

டைம்டேபிளைச் சுவரிலிருந்து எடுக்கச் சொன்னேன். படிக்கும் நேரத்தைக் கூட்டவில்லை. உண்மையில் குறைத்தோம்.

முதல் மாற்றம், வெள்ளைத் தாள். ஒரு பகுதியை ஒரே ஒரு முறை கவனமாகப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, ஞாபகம் இருப்பதை எழுத வேண்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதை வேறு நிறப் பேனாவால் சேர்க்க வேண்டும். இது என் சொந்தச் சரக்கு இல்லை. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழு உரைநடைப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று படித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் எழுதியது. 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்த குழுவே முந்தியது: 83 சதவீதத்துக்கு 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களிடம் மிஞ்சியது 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களிடம் 61. இதில் எனக்கு முக்கியமாகப்பட்டது அந்த 5 நிமிடக் கணக்குதான். திரும்பப் படிப்பது அப்போதைக்கு வேலை செய்வதுபோலவே தோன்றும். அதனால்தான் அதை யாரும் விடுவதில்லை. 2013-இல் டன்லாஸ்கி குழுவினர் 10 படிப்பு முறைகளை எடைபோட்டபோதும், தன்னைத்தானே சோதிப்பதும் இடைவெளி விட்டுப் படிப்பதும்தான் மேலே வந்தன. கோடு போடுவதும் மறுபடி படிப்பதும் கடைசி வரிசைக்குப் போயின.

இரண்டாவது மாற்றம், அட்டைகள். முன்புறம் கேள்வி, பின்புறம் விடை. மூன்று பெட்டி: முதல் பெட்டியைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை எடுக்க வேண்டும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்கு ஏறும், தவறினால் முதல் பெட்டிக்கே திரும்பும். லைட்னர் என்பவர் 1970-களில் பரப்பிய முறையின் எளிய வடிவம் இது. முதல் நாள் அவள் செய்த 30 அட்டையும் 'என்றால் என்ன?' ரகம். அதில் பாதியை மாற்ற வைத்தேன். "6 ஓம், 3 ஓம் பக்க இணைப்பில் இருந்தால் மொத்தத் தடை 3-ஐ விடக் கூடுமா, குறையுமா, ஏன்?" என்பது போல.

மூன்றாவது, கணிதத்தில் கலந்து போடுவது. ஒரே பயிற்சியில் 20 கணக்கு போடாமல், நான்கு பாடங்களிலிருந்து ஐந்தைந்து கணக்கை நான் குலுக்கிக் கொடுப்பேன். கணக்கைப் போடுவதற்கு முன் எந்த முறை, ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும்.

கடைசியாக, தூக்கம். இரவு ஒரு மணிக்குப் படுத்துக் காலை ஆறுக்கு எழுந்துகொண்டிருந்தாள். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தேவை என்று தூக்க மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். பத்தரைக்கு விளக்கணைக்கச் சொன்னேன். இதற்குத்தான் வீட்டில் எதிர்ப்பு. "மத்த பிள்ளைங்கல்லாம் ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்குதுங்க மிஸ்" என்றார் அம்மா. ஒரு மாதம் பார்ப்போம் என்று கேட்டுக்கொண்டேன். செல்போன் படிக்கும் நேரத்தில் அம்மாவின் அறைக்குப் போனது. இதை அவளே முன்வந்து சொன்னாள்.

ஆறாவது வாரச் சரிவு

ஆறாவது வாரம் பள்ளியில் ஒரு மாதத் தேர்வு நடந்தது. அறிவியல் 46, கணிதம் 35. கணிதம் முன்பைவிட 3 குறைவு.

அன்று மாலையே அம்மா போன் செய்தார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "முன்னாடி அவ படிச்ச விதமே தேவலையோன்னு தோணுது மிஸ்." மாணவி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வகுப்பில் அவளுடைய அறிவியல் புத்தகத்தைத் திறந்தபோது ஒரு புதிய பாடம் முழுக்க மஞ்சளாக இருந்தது. பழைய முறைக்குத் திருட்டுத்தனமாகப் போயிருக்கிறாள்.

திட்டத் தோன்றவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். வெள்ளைத் தாள் முறையில் தினம் தினம் கண்ணுக்குத் தெரிவது தனக்குத் தெரியாதது மட்டும்தான். ஹைலைட்டர் அப்படிச் செய்யாது. பக்கம் நிறைந்தால் மனசும் நிறைந்துவிடும். கலந்து போடும் கணக்கும் அப்படித்தான். ரோரர், டெய்லர் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகைக் கணக்கை வரிசையாகப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முன்னவர்கள் 20, பின்னவர்கள் 63. பயிற்சிக் காலத்தில் தடுமாற்றம் கூடும் என்பது எனக்கு முன்பே தெரியும். ஆனால் அம்மாவிடமும் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை.

வாதம் செய்வதை விட்டுவிட்டு ஒரு சோதனை வைத்தேன். அட்டை, வெள்ளைத் தாள் இரண்டையும் வைத்து மூன்று வாரம் முன்பு படித்த பாடத்திலிருந்து 20 குறுவினா. நான்கு நாள் முன்பு ஹைலைட்டரோடு மூன்று தடவை படித்த பாடத்திலிருந்து 20 குறுவினா. முன்னறிவிப்பு கிடையாது. முதலாவதில் 14 சரி, இரண்டாவதில் 6.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நாலு நாள் முன்னாடி படிச்சது மிஸ் இது" என்றாள், ஏதோ அந்தப் பாடம் தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரி. இரண்டு பாடத்தின் கடினமும் ஒன்றில்லை, 20 கேள்வியை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. அவளுக்கு வேண்டியது நிரூபணம் இல்லை. அதன்பின் ஹைலைட்டரைப் பற்றி நாங்கள் பேசவேயில்லை. பேசத் தேவைப்படவில்லை. அம்மாவிடம் அந்த இரண்டு தாளின் புகைப்படத்தை அனுப்பினேன். "சரி மிஸ், பார்ப்போம்" என்று பதில் வந்தது.

கடைசி ஐந்து வாரங்கள்

பத்தாவது வாரத்திலிருந்து முழு வினாத்தாள்கள், கடிகாரம் வைத்து, மூன்று மணி நேரம். முதல் தாளில் 22 மதிப்பெண்ணுக்கு எழுதவே இல்லை. முதல் கேள்வியில் ஆரம்பித்து, வராத கேள்வியில் மாட்டிக்கொண்டு, அங்கேயே நின்றுவிடும் பழக்கம். மதிப்பெண் ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம் என்று கணக்கு வைத்தோம். 5 மதிப்பெண் வினாவில் ஏழெட்டு நிமிடம் தாண்டினால், இடம் விட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். கேள்வியில் உள்ள 'ஒப்பிடுக', 'காரணம் கூறுக', 'வேறுபடுத்துக' போன்ற சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டுத்தான் எழுதத் தொடங்க வேண்டும்.

நான்காவது தாளில் எழுதாமல் விட்டது 3 மதிப்பெண்ணுக்கு மட்டும். ஒவ்வொரு தாளுக்குப் பிறகும், அரையாண்டுத் தாளைப் பிரித்த மாதிரியே, இழந்ததை நான்காகப் பிரித்து அவளே எழுதி வந்தாள்.

தேர்வுக்கு முந்தைய இரவு பதினொன்றுக்குப் படுத்ததாகச் சொன்னாள். நம்பினேன்.

முடிவு

இறுதித் தேர்வில் அறிவியல் 69, கணிதம் 57, சமூக அறிவியல் 49. மொழிப் பாடங்களில் ஒன்று அதே இடத்தில் நின்றது, இன்னொன்று 4 குறைந்தது. இதில் எவ்வளவு முறையால் வந்தது, எவ்வளவு தூக்கத்தால், எவ்வளவு வாராவாரம் ஒருவர் பக்கத்தில் இருந்ததால் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. வினாத்தாள் எளிதாக இருந்திருக்கவும் கூடும்.

என்னை உறுத்துவது சமூக அறிவியல்தான். 14 வாரத்தில் 5 மதிப்பெண். அட்டைகளை அவள் ஒழுங்காகச் செய்தாள். 1914 ஜூன் 28-இல் சரயேவோ படுகொலை, சரியாக ஐந்தாண்டு கழித்து 1919 ஜூன் 28-இல் வெர்சாய் ஒப்பந்தம். இரண்டும் ஒரே தேதி என்பதைக் கண்டுபிடித்து எனக்குச் சொன்னவளே அவள்தான். போர்ப் பொறுப்பை ஜெர்மனி மேல் சுமத்திய பிரிவு 231 என்பதும் தெரியும். ஆனால் ஒரு மாதிரித் தேர்வில், வெர்சாய் ஒப்பந்தம் இரண்டாம் உலகப்போருக்கு எப்படி வழிவகுத்தது என்ற பெருவினாவுக்கு, இந்தத் தகவல்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருந்தாள். ஒன்று இன்னொன்றுக்கு எப்படிக் காரணமானது என்று ஒரு வாக்கியம் இல்லை. இழப்பீட்டுச் சுமை, அவமான உணர்வு, அதை ஹிட்லர் அரசியலாக்கியது என்ற கோவையே வரவில்லை. நான் துண்டு துண்டாகக் கேட்டேன், அவள் துண்டு துண்டாகக் கற்றுக்கொண்டாள். அதைக் கண்டுகொண்டபோது பன்னிரண்டாவது வாரம்.

அடுத்த முறை எதை மாற்றுவேன்

டைம்டேபிள் முதல் மாதம் கிடையாது. முதல் நாள் விடைத்தாள்களை வாங்குவேன், இரண்டாம் நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். இந்த வரிசை மாறியதில் ஒரு வாரம் வீண்.

மதிப்பெண் முதலில் இறங்கக்கூடும் என்பதைத் தொடங்கும்போதே பெற்றோரிடம் சொல்லிவிடுவேன். பிள்ளைக்கும் அந்த 20 வினாச் சோதனையை இரண்டாவது வாரத்திலேயே வைப்பேன். நம்பிக்கை உடைந்த பிறகு வைப்பதைவிட அது எளிது.

வரலாற்றுக்கு அட்டையைத் தேதிகளோடு நிறுத்திக்கொள்வேன். மற்றதற்கு வாரம் ஒரு பெருவினா. அதுவும் முழு விடை வேண்டாம்: காரணங்களை அம்புக்குறி போட்டு இணைத்த ஒரு படம், பார்க்காமல் வரைந்தது. அதன் பிறகு அம்புக்குறி ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம். மொழிப் பாடங்களைத் தானாக ஓடும் என்று விட்டுவிடாமல், அவற்றுக்கும் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குவேன். 4 மதிப்பெண் குறைந்தது அங்கே கவனிக்க யாரும் இல்லாததால் என்றுதான் நினைக்கிறேன்.

தூக்கத்தைப் பற்றிய பேச்சை மட்டும் அம்மாவோடு நானே நேரில் பேசுவேன். மகள் வழியாகச் சொல்லி அனுப்பியதில் அது 'படிக்காமல் இருக்க ஒரு சாக்கு' மாதிரி போய்ச் சேர்ந்திருந்தது.

மூன்று மாதம் கழித்து, பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் ஒரு சந்தேகம் கேட்க அவள் வந்தாள். பெட்டி மூன்றையும் வைத்திருக்கிறாளாம். வரலாற்று அட்டைகளை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டாளாம்.